வெள்ளிக்கிழமை போணி

கம்ப்யூட்டர் திரை வெள்ளையாக வந்தால் எனக்கு ஆகவே ஆகாது. தப்பு எங்கே என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாத சுத்த வெள்ளை அது. வெப்சைட் செய்வதற்கான பிஎச்பி மொழியைப் படிக்க ஆரம்பித்த புதிதில், ஒரு வரியின் கடைசியில் அரைப்புள்ளி வைக்க மறந்ததற்காக ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். திட்டினாலாவது பரவாயில்லை, வாயே திறக்க மாட்டேன் என்கிறதே சனியன் என்று லேப்டாப்பை ஓங்கி மூடினேன். அடுப்படியிலிருந்து அம்மா, "அது என்ன பாவம் பண்ணுச்சு, அதப் போய் அடிக்கற?" என்றாள்.

என் பெயர் அகல்யா. ஊர் ஆட்டையாம்பட்டி. பி.காம். முடித்துவிட்டு, இளம்பிள்ளையில் பாலசுந்தரம் ஐயாவின் சேலைக் கடையில் வாட்ஸ்அப் ஆர்டர் எடுக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். அக்கா இந்தக் கலர் இருக்கா, அக்கா இதே டிசைனில் வேறு பார்டர் காட்டுங்க என்று போன் கதறிக்கொண்டே இருக்கும். ஒரே ஒரு சேலைதான் இருக்கும். அதை இரண்டு பேருக்கு எடுத்து வைப்பதாகச் சொல்லிவிட்டு இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்வேன். ஒருநாள் எரிச்சல் தாங்காமல், "நமக்குன்னு ஒரு வெப்சைட்டு இருந்தா இந்த ரோதனையே இல்லீங்கையா" என்று சொல்லிவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஐயா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "சேலத்துல ஒரு கம்பெனிக்காரங்க அதுக்குத்தான் நடையா நடக்கறாங்க. ஏன், நீ பண்ணுவியா?"

"கத்துக்கிட்டுப் பண்றேனுங்க."

"சரி. ஆவணி மொத வெள்ளிக்கெழம தொறக்கோணும். ஒழுங்கா ஓடுச்சுன்னா கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார்ற சீட்டு உனக்கு. ஓடலீன்னா சேலத்துக்காரங்ககிட்டக் குடுத்துப் போடுவேன், நீ மடிப்பு செக்சனுக்குப் போயிக்கோ. அப்புறம் வந்து அழுவக் கூடாது."

சேலை மடிப்பது கேவலமான வேலை ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு அந்தச் சீட்டு வேண்டும். வேண்டும் என்றால் வேண்டும்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. யூடியூபில் ஒருவர் பாடம் நடத்துவார். அவர் தட்டினால் எல்லாம் ஓடும், அதையே நான் தட்டினால் வெள்ளை. கல்லூரியில் கூடப் படித்த அத்னானுக்குப் போன் போட்டுப் புலம்புவேன். அவன் சேலம் டவுன், இப்போது பெங்களூரில் வெப்சைட் செய்கிற வேலை. "நீ எழுதுறது கஸ்டமரோட போன்ல ஓடாது அகல்யா. எங்கயோ இருக்கிற சர்வர் கம்ப்யூட்டர்ல ஓடும். அங்க சமைச்சு முடிச்ச சாப்பாடுதான் அவங்க தட்டுக்கு வரும். சமையக்கட்ட அவங்க பாக்கவே மாட்டாங்க" என்றான். அது புரிவதற்கே எனக்கு நாள் பிடித்தது. புரிந்த பிறகு பயம் இன்னும் கூடிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சமைத்து, முகம் தெரியாத ஆட்களுக்குப் பரிமாற வேண்டும், ஒரு வாய் உப்புப் பார்க்கக்கூட முடியாது!

ஒவ்வொன்றாகத் தொல்லை வந்தது. ஃபார்மில் பெயர் எழுதாமலே பட்டனை அழுத்தினால் பெயரில்லாத ஆர்டர் போய் உட்கார்ந்துகொண்டது. அதைச் சரி செய்தேன். ஆர்டர் போட்டுவிட்டுப் பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்தால் அதே ஆர்டர் இன்னொரு தடவை பதிந்தது. இது என் உயிரை எடுத்துவிட்டது. ஆர்டர் பதிந்ததும் நன்றி சொல்லும் வேறு பக்கத்துக்கு ஆளை அனுப்பிவிடு என்று அத்னான் சொன்னான். அனுப்பினேன், நின்றது. ஆனாலும் அந்தப் பயம் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

போனில் எப்படித் தெரிகிறது என்று பார்க்க என் போன் போதாது. கடைக்குப் பின்னறையில் சேலைகளுக்கு விலைச் சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கும் சாரதாமணி பெரியம்மாவிடம் போனேன். அவர் ஐயாவின் கூடப் பிறந்த அக்கா. புருஷன் போய்ச் சேர்ந்ததிலிருந்து தம்பி வீட்டோடு இருக்கிறார். வீடு கடைக்கு மாடியில். சாம்பல், சந்தனம் என்று வெளிறிப்போன நிறத்தில்தான் சேலை கட்டுவார். விசேஷம் என்றால் முன்பக்கம் வர மாட்டார். வராதே என்று யாரும் சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை. எனக்கு அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். ஆனால் நான் யார், சம்பளத்துக்கு வந்த ஆள்.

"இதுல யாரு மூஞ்சியும் யாருக்கும் தெரியாதுங்க பெரியம்மா, இருந்த எடத்துலயே வாங்கிக்கலாம்" என்று லிங்க்கை அவர் போனுக்கு அனுப்பினேன். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு சேலையாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது கண்ணு. பொய்க்கு நாலு ஆர்டர் போட்டுப் பாக்கறேன், இரு" என்று போட்டார். நானும் போட்டேன். எல்லாம் ஒழுங்காகப் பதிந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் ஐயா வந்து பின்னால் நின்றார். திரையில் ஆர்டர் எண் நூற்றைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு முகம் மாறிவிட்டது.

"இதென்ன, தொறக்கறதுக்கு முன்னாடியே இத்தன ஆர்டரு?"

"சோதனைக்குப் போட்டதுங்க."

"அதெல்லாம் இருக்கப்படாது. நாளைக்குச் சுகன்யா கையாலதான் போணி. ஒண்ணாம் நம்பரு அவளுக்கு வரோணும். சுத்தமாக் கழுவி வெச்சிரு."

சுகன்யா அவருடைய மருமகள், மகன் யோகேஷின் மனைவி. அவள் வந்த வருடம்தான் இரண்டாவது கடை திறந்தார்கள். அதனால் அவளுக்குக் கைராசி என்று பேர். இந்த ஊரில் முதல் விற்பனை யார் கையால் நடக்கிறது என்பது விளையாட்டில்லை. போணி சரியில்லை என்றால் அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டுப் போகிற ஆட்களை எனக்குத் தெரியும்.

ஐயா போனதும் அத்னானைக் கேட்டேன். ஒவ்வொரு ஆர்டராக அழித்தால் எண் திரும்ப ஒன்றிலிருந்து வராது, ஆர்டர்கள் பதியும் பட்டியலான டேபிளையே காலி செய்யும் கட்டளை ஒன்று இருக்கிறது, அதைப் போடு என்றான். பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, ஒரே வரி அடித்தேன். என்டர். எல்லாம் போயிற்று. இவ்வளவு சுலபமாகவா எல்லாம் போகும் என்று ஒரு நிமிடம் திக்கென்றிருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், மல்லிகைச் சரம். கீபோர்டில் விபூதி விழுந்து இரண்டு கட்டை சிக்கிக்கொண்டது, ஊதி எடுத்தேன். பத்தரைக்கு ராகுகாலம் வந்துவிடும், அதற்குள் முடிக்க வேண்டும் என்று ஐயா கடிகாரத்தையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கடை ஆட்கள் அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள். வெள்ளையாக வராதே, இன்று மட்டும் வெள்ளையாக வராதே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

சுகன்யா பட்டுச் சேலை சரசரக்க உட்கார்ந்தாள். பெயர் அடித்தாள், சேலையைத் தேர்ந்தெடுத்தாள், மாமனாரைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பட்டனை அழுத்தினாள். பக்கம் வந்தது. எனக்கு மூச்சும் வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

"நன்றி! உங்கள் ஆர்டர் எண்: 2."

தட்டிக்கொண்டிருந்த கைகள் ஒவ்வொன்றாக நின்றன.

"ரெண்டா?" என்றார் ஐயா. "ரெண்டு எப்படி வரும்?"

ஐயோ, ரெஃப்ரெஷ் சனியன் திரும்ப வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். "ஒரு நிமிசமுங்க" என்று பக்கத்திலிருந்த என் லேப்டாப்பைத் திருப்பி, ஆர்டர் டேபிளைத் திறந்தேன். இரண்டு வரி இருந்தது. இரண்டாவது சுகன்யா. முதலாவது, இன்று காலையில், கடை திறக்கும் முன்பே பதிந்தது.

பெயர்: சாரதாமணி. சேலை: ராமர் பச்சை, அரக்கு பார்டர்.

சோதனை என்றால் அவர் வாய்க்கு வந்த பெயரைப் போடுவார். இதில் சொந்தப் பெயரும் மாடி வீட்டு விலாசமும் இருந்தன. சட்டென்று திரையில் திறந்திருந்த அந்த விண்டோவைக் கீழே இறக்கிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. என் புரோகிராமில் ஒரு தப்பும் இல்லை. அது சொன்னது சொன்னபடி வேலை செய்திருந்தது. அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் வழியில்லை. பெயரைச் சொன்னால் நல்ல நாளும் அதுவுமாக அந்தம்மாவை அத்தனை பேருக்கு முன்னால் நிறுத்தி வைத்த மாதிரி ஆகும்.

"என்னோட சோதனை ஆர்டருங்க. ஒண்ணு தங்கிப்போச்சு" என்றேன்.

"நேத்தே கழுவி வெய்யின்னு சொன்னேனா இல்லையா? சரி, அழி. அழிச்சுப்போட்டு மறுபடியும் போடச் சொல்லு. நேரம் போவுது."

நேற்று அடித்த கட்டளை அங்கேயே இருந்தது. அதைத் திரும்ப வரவழைக்க மேல் அம்புக்குறியை ஒரு தட்டு, ஓட்டுவதற்கு என்டரை ஒரு தட்டு. சுகன்யாவுக்கு ஒன்று வந்துவிடும், எனக்குச் சீட்டு வந்துவிடும். பெரியம்மாவின் ஆர்டரைப் பிறகு நானே ஏற்றிவிடலாம். எந்தக் குழப்பமும் இல்லை, ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அவருக்குத் தெரியும். அவர் போனில் ஒன்று என்று வந்திருக்கும். அதை அவர் எத்தனை தடவை எடுத்துப் பார்த்தாரோ. ஊரே சேர்ந்து அவரைப் பின்னறைக்குத் தள்ளியது போதாதென்று நானும் ஒரு பட்டனைத் தட்டித் தள்ள வேண்டுமா? விரல் அம்புக்குறி மேலேயே நின்றது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"அழிக்க முடியாதுங்கையா" என்றேன்.

"முடியாதா, தெரியாதா?"

நான் கத்துக்குட்டி இல்லை என்று காட்டத்தானே இத்தனை நாளும் மல்லுக்கட்டினேன். முடியாது என்று சாதித்தால் சேலத்துக்காரர்கள் வந்து ஒரே நொடியில் அழித்துக் காட்டுவார்கள்.

"தெரியாதுங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஐயா நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஒத்த ஆர்டர அழிக்கத் தெரியாதவள நம்பி நான் பூசை போட்டுட்டு நிக்கறேன் பாரு. யோகேசு, சேலத்துக்காரங்களுக்குப் போனப் போடு. எந்திரி கண்ணு, நீ மடிப்புக்கே போ."

நான் எழுந்தேன். யோகேஷ் போனை எடுத்தான்.

"அவளுக்குத் தெரியும் தம்பி."

பின்னறைக் கதவுக்கு முன்னால் சாரதாமணி பெரியம்மா நின்றிருந்தார். பூசை நடக்கிற பக்கம் அவரை நான் பார்த்ததே இல்லை. கூட்டம் தானாக விலகியது.

"நேத்து நான் பக்கத்துல உக்காந்திருக்கும்போதுதான் பூராத்தையும் அழிச்சா. ஒத்தத் தட்டுல எல்லாம் போயிருச்சு. தெரியாதுன்னு எனக்காகச் சொல்றா. அந்த ஒண்ணாம் நம்பரு என்னோடது."

"நீ எதுக்குக்கா போட்ட?" என்று ஐயா மெதுவாகக் கேட்டார்.

"சீல வேணும்னுதான். வேற எதுக்குப் போடுவாங்க?" அவர் ஓரடி முன்னால் வந்தார். "கடைக்கு முன்னாடி வந்து கேட்டா ஆளாளுக்கு மூஞ்சியப் பாப்பீங்க. இதுல மூஞ்சியே தெரியாதுன்னு இந்தப் புள்ள சொன்னா. போட்டுட்டேன். ஒண்ணுன்னு வரும்னு சத்தியமா எனக்குத் தெரியாது. வந்ததுக்கப்புறம் அழிக்கச் சொல்ல எனக்கு மனசு வரல."

சுகன்யா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். ஐயா என் பக்கம் திரும்பினார்.

"அழிக்கத் தெரியுமா?"

"தெரியுமுங்க."

"அழிப்பியா?"

நான் லேப்டாப்பை மெதுவாக மூடினேன். "பெரியம்மா சொன்னா அழிக்கறேனுங்க. நீங்க சொன்னா மாட்டேன்."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்றே உறைத்தது. சீட்டும் போயிற்று, மடிப்பு செக்சனும் போயிற்று, ஆட்டையாம்பட்டி பஸ்ஸுக்கு நடக்க வேண்டியதுதான் என்று பையை எடுத்தேன்.

ஐயா அக்காவைப் பார்த்தார். அக்கா பார்வையை எடுக்கவில்லை. ஐயா விறுவிறுவென்று கிடங்குக்குள் போனார். அடுக்கு இழுபடும் சத்தம் கேட்டது, ஏதோ சரிந்து விழுந்தது. யோகேஷ் காதில் போனை வைத்தபடி நின்றான்; அந்தப் பக்கம் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

ஐயா திரும்பி வந்தபோது கையில் ராமர் பச்சைச் சேலை இருந்தது. அதை என் லேப்டாப் மேலேயே தொப்பென்று வைத்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"அந்தப் போன வைடா யோகேசு" என்றார். பிறகு என்னிடம், "எங்க பைய எடுத்துட்டுப் போற? உக்காரு. கவர் போட்டு அட்ரஸ் ஒட்டு. ஒண்ணுன்னு நம்பர நல்லாப் பெருசா எழுதோணும், ஆமா" என்றார்.