ஒலிநாடாவில் ஓரினின் குரல்

ஓரின் டெஸ்கி வடக்கு மிச்சிகனில் சாலைகளில் பனி தள்ளும் அரசு லாரி ஓட்டியவர். அரசாங்கச் சம்பளத்தை வாங்கிக்கொண்டே அரசாங்கத்துக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கியவர் என்று பின்னாளில் ஊர் அவரைக் கேலி செய்தது. கேலி செய்தவர்களில் பாதிப் பேர் ஒரு காலத்தில் அவரோடு வரிசையில் நின்றவர்கள்தான்.

டெக்சஸில் ஒரு மதக்கூட்டத்தார் தங்கியிருந்த இடம் அரசுப் போலீஸின் முற்றுகையில் எரிந்ததை எல்லோரும் டிவியில் பார்த்த மறு வருஷம் அது. "இன்னைக்கு அவன் வீடு, நாளைக்கு உன் வீடு" என்று துப்பாக்கிக் கடைக்காரர் கேரல் வோய்ட் வந்தவரிடமெல்லாம் ஓதினார். சனிக்கிழமைதோறும் அவருடைய உருளைக்கிழங்கு வயலில் எழுபது பேர் பச்சைச் சீருடையில் துப்பாக்கிப் பயிற்சிக்குக் கூடினார்கள். அதுவரை ஓரினுக்குச் சனிக்கிழமை என்றால் டிவியும் தூக்கமும்தான். வயலில் எழுபது பேர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். வோய்டின் அரசியல் அவருக்குப் பாதிதான் புரிந்தது. கூப்பிட்டது நன்றாகவே புரிந்தது.

சுதந்திர மனிதனுக்கு எண் எதற்கு என்று வோய்ட் சொன்னதைக் கேட்டு, வீட்டுக் காரின் நம்பர் பிளேட்டைக் கழற்றி எறிந்தார். மறுநாள் காலை, பள்ளிச் சமையலறை வேலைக்குப் போன அவர் மனைவி மார்லிஸைப் போலீஸ் வழிமறித்து வண்டியைப் பிடுங்கிக்கொண்டது.

"சுதந்திரம் உனக்கு, பனியில நாலு மைல் நடக்குறது எனக்கா?" என்றாள்.

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு டுலூத் நகரில் இருந்த தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

அடுத்த ஏப்ரலில் ஓக்லஹோமாவில் ஓர் அரசுக் கட்டடத்தைக் குண்டு வைத்துத் தகர்த்தார்கள். உள்ளே குழந்தைகள் காப்பகமும் இருந்தது. அந்தச் சனிக்கிழமை வயலுக்கு வந்தவர்கள் பதினோரு பேர். ஒருவனுக்கு இடுப்புவலி, இன்னொருவனுக்கு மாடு கன்று போடுகிறதாம். இரண்டு வருஷத்தில் நாலு பேர் மிஞ்சினார்கள். ஓரின் வருவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் போக வேறு இடமில்லை.

அப்போதுதான் டெல் ப்ரூயிட் வந்து சேர்ந்தான். நாற்பது வயது, ஒஹாயோவில் ஆலை மூடி வேலை போனவன் என்று சொல்லிக்கொண்டான். ஓரினின் கூரையைக் கூடவே ஏறி நின்று மாற்றிக் கொடுத்தான். அவருக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்தபோது மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தான். "பெரிசு, செத்துக்கித்துப் போயிடாத. உன் மான்கறிச் சூப்பு வேற யாருக்கும் வராது" என்பான்.

அந்த இலையுதிர்காலத்தில் டெல்லும் கூட இருக்க, வோய்ட் தன் கொட்டகையில் ஒரு வரைபடத்தை விரித்தார். ஊர் வரி அலுவலகத்துக்குக் குண்டு வைக்கத் திட்டம்.

"அங்க பொம்பளைங்க டைப் அடிச்சிட்டு இருப்பாங்கய்யா. எனக்கு வேணாம். நீயும் வேணாம், விட்டுடு" என்றார் ஓரின்.

"தொடநடுங்கிப் பய! அதான் உன் பொண்டாட்டி ஓடிட்டா."

ஓரின் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார். மூன்று வாரம் கழித்து வோய்டையும் இன்னொருவனையும் கைது செய்தார்கள். தன்னையும் தேடி வருவார்கள் என்று ஓரின் சட்டை மாட்டிக்கொண்டு நாலு நாள் உட்கார்ந்திருந்தார். ஒருவரும் வரவில்லை. டெல்லுக்குப் போன் போட்டால் அந்த எண்ணே இல்லை என்றது.

சாட்சியாக அழைத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கோட்டும் டையுமாக, தாடி மழித்து, அரசுத் தரப்பில் உட்கார்ந்திருந்தான் டெல். அவன் பதிவு செய்த ஒலிநாடாவைப் போட்டார்கள். ஓரினின் "எனக்கு வேணாம்" தெளிவாகக் கேட்டது. அவரைக் காப்பாற்றியது அதுதான். வோய்டின் வக்கீல் முழுசாகப் போடச் சொன்னார். வேறொரு நாள் ஓரின் குடித்துவிட்டுப் புலம்பியதும் வந்தது: "மார்லிஸ் தலையணைய இன்னும் எடுக்கலடா. எடுத்தா கட்டிலு ரொம்பப் பெரிசாயிடும்." கோர்ட்டில் யாரோ செருமினார்கள். ஓரின் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே நடையில் அவனை மறித்தார்.

"டெல்லுங்கறது உன் பேரா?"

"இல்ல."

"அப்ப உன் பேரென்ன?"

"சொல்லக் கூடாது, பெரிசு."

"ஆஸ்பத்திரியில மூணு நாள் உக்காந்திருந்தியே, அதுவும் ட்யூட்டிதானா?"

அவன் டையைத் தளர்த்திக்கொண்டான். "மொத நாள் ட்யூட்டி. மீதி ரெண்டு நாள் லீவு போட்டேன்."

யாரோ கூப்பிட, போய்விட்டான்.

வோய்டுக்குப் பதினோரு வருஷம் கிடைத்தது. மார்லிஸிடமிருந்து ஒரு தபாலட்டை வந்தது: "நீ வேணாம்னு சொன்னத பேப்பர்ல படிச்சேன். நல்லது செஞ்ச." திரும்பி வருவதாக அதில் இல்லை. முதல் பனி விழுந்த அன்று தன் வண்டியின் இருக்கைக்கு அடியில் டெல்லின் தோல் கையுறைகளைக் கண்டார். அனுப்பலாம் என்று கோர்ட்டில் விலாசம் கேட்டார். அப்படி ஒரு ஆளே இல்லை என்றார்கள். அவர் கையைவிடக் கொஞ்சம் பெரிய கைக்கு அளவானவை. அந்தக் குளிர்காலம் முழுக்க அவற்றைப் போட்டுக்கொண்டுதான் ஆளில்லாத சாலைகளில் பனி தள்ளினார்.