எண்ணப்படாத பத்து அட்டைகள்

துப்பாக்கி சுடும் போட்டி நாளன்று காலையில் கருப்பண்ணன் செய்த முதல் வேலை, தன் அக்காளின் சக்கர நாற்காலியிலிருந்து இரண்டு கைப்பிடிகளையும் கழற்றியதுதான். திருகாணிகள் துருவேறிக் கிடந்தன. தேங்காய் எண்ணெய் விட்டு, ஸ்பேனரைப் பொருத்தி, முக்கி முனகித் திருகினான்.

"கைப்பிடி இல்லாட்டி நீ சாஞ்சிருவ அக்கா. இருந்துட்டுப் போவட்டுமே. யாரு பாக்கப் போறாங்க?"

"அதப் பாக்கறதுக்குன்னே நாலு பேரு வருவாங்க. முழங்கையை ஊனிக்கிட்டுச் சுட்டாள்னு ஒருத்தன் சொல்லிட்டா அப்பறம் நான் சுட்டதெல்லாம் வீணு. கழட்டு."

"வேற யாரும் கைகாலைக் கழட்டி வெச்சிட்டு வரலியே."

"வாயைக் கழட்டி வெச்சிட்டு வேலையைப் பாரு."

அத்தாயிக்கு அப்போது முப்பத்தொரு வயது. மலைமேலிருந்த திண்ணனூர் நாட்டில் பிறந்து, நடக்கத் தெரிந்த நாள் முதலாக மலைச்சரிவில் ஏறி இறங்கி வளர்ந்தவள். ஏழாண்டுகளுக்கு முன்னர் ஒரு மாசி மாதத்தில், சில்வர் ஓக் மரத்தைச் சுற்றிப் படர்ந்திருந்த கொடியில் மிளகு பறித்துக்கொண்டிருந்தபோது, அவள் ஏறி நின்ற ஒற்றை மூங்கில் ஏணி சரிந்தது. முதுகெலும்பு முறிந்தது. அன்று முதல், தன் கால்களில் எறும்பு கடிக்கிறதா என்பதைக்கூட அவள் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

உழவுக்கு உதவாதவள் என்று ஊர் அவளை ஒரு மூலையில் உட்கார வைத்தபோது, அக்காளும் தம்பியும் பலூன் சுடும் கடை ஒன்றைத் தொடங்கினர். ஒரு பலகை, அதில் வரிசையாகப் பலூன்கள், ஒரு காற்றுத் துப்பாக்கி. திருவிழாவுக்குத் திருவிழா, சந்தைக்குச் சந்தை அக்கடை நகர்ந்தது. அத்துப்பாக்கியின் முனைக் குறி சற்றே வளைந்திருந்தது. எவ்வளவு தள்ளிக் குறி வைத்தால் குண்டு நேரே போகும் என்பது அத்தாயி ஒருத்திக்கே தெரியும். செம்மேட்டில் மிளகு மண்டி வைத்திருந்த, சேந்தமங்கலத்துக்காரரான சைபுல்லா, ஓர் ஆடித் திருவிழாவில் இருபது முறை சுட்டு மூன்று பலூன்களை மட்டும் உடைத்தார். அதே துப்பாக்கியை வாங்கிய அத்தாயி பத்துக் குண்டுகளில் பத்துப் பலூன்களை உடைத்துக் காட்டினாள்.

"கோணத் துப்பாக்கியிலயே இப்படின்னா, நேர் துப்பாக்கியைக் குடுத்தா என்ன பண்ணுவே?" என்று கேட்டார் அவர்.

சைபுல்லா மாவட்டத்துத் துப்பாக்கி சுடும் கழகமொன்றின் உறுப்பினர். கழகத்தின் போட்டித் துப்பாக்கியை வாங்கி வந்து, மண்டியில் மூட்டைகளை ஒதுக்கிப் பத்து மீட்டர் இடம் ஏற்படுத்திக் கொடுத்தார். முதல் மாதம் அவள் சுட்ட குண்டுகள் யாவும் இடப்புறமே விழுந்தன. துப்பாக்கி நேராக இருந்தது. அவள் கண்தான் இன்னும் பழைய கோணலுக்குப் பரிகாரம் செய்துகொண்டிருந்தது. பழகிய கோணலை மறப்பதற்கு அவளுக்கு மூன்று மாதங்கள் பிடித்தன. பின்னர் ஈராண்டுகள் அவள் சுடாத நாள் அரிது. ஒவ்வொரு நாளும் சைபுல்லா குண்டு துளைத்த குறியட்டைகளின் புள்ளிகளை எண்ணி, எண்ணிக்கையைச் சுவரில் கரியால் எழுதி வைத்தார்.

நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்து இரண்டரை ஆண்டுகள் ஆகியிருந்த 1999ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், செம்மேட்டுத் திருமண மண்டபம் ஒன்றில் அக்கழகம் தேர்வுப் போட்டி நடத்தியது. முதல் மூன்று இடங்களைப் பெறுவோர் சென்னைக்கு, மாநிலப் போட்டிக்குச் செல்வர். பதினொருவர் பெயர் கொடுத்திருந்தனர். எல்லோரும் நிரப்பிய படிவத்தையே அத்தாயியும் நிரப்பினாள்; எல்லோருக்கும் வந்த அழைப்புக் கடிதமே அவளுக்கும் வந்தது. அக்கடிதத்தை அவள் தலையணைக்கடியில் வைத்திருந்தாள். சென்னையை அவள் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்ற ஆசையும் பெரிதாக இருந்ததில்லை. சுட்டு, வென்று, அதன் பயனாகப் போக வேண்டும் என்பதே அவள் ஆசை.

மண்டபத்துக்கு ஒன்பது படிகள். கருப்பண்ணனும் வேறு மூவரும் நாற்காலியோடு அவளைத் தூக்கி ஏற்றினர். அங்கிருந்த கழிப்பறைக்குள் அந்த நாற்காலி நுழையாது என்பதை முன்பே விசாரித்து வைத்திருந்ததால், விடியற்காலை முதல் அவள் ஒரு வாய்த் தண்ணீரும் பருகவில்லை. சாய்ந்து விழாதிருக்கத் தம்பியின் துண்டால் இடுப்பை நாற்காலி முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, முழங்கைகளை எதன்மீதும் ஊன்றாமல், அந்தரத்தில் துப்பாக்கியைத் தாங்கி நாற்பது குண்டுகள் சுட்டாள். ஓர் அட்டைக்கு நான்கு வட்டங்கள், ஒரு வட்டத்துக்கு ஒரு குண்டு, வட்டத்தின் நடுவில் பட்டால் பத்துப் புள்ளி, மொத்தம் பத்து அட்டைகள். தோள் எரிந்தது. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஆயினும் கடைசிப் பத்துக் குண்டுகளைச் சுடும்போது, மண்டியின் சுவரில் கரிக்கோடு விழும் ஓசையைத் தவிர வேறெதுவும் தன் காதில் விழவில்லை என்றே அவளுக்குத் தோன்றியது.

பரிசளிப்பின்போது கழகச் செயலாளர் செல்லமுத்து ஒலிபெருக்கியைப் பிடித்தார். முடிவுகளை அறிவிக்கும் முன்பாகவே அவள் பெயரை அழைத்தார். தன்னம்பிக்கை என்றார், மன உறுதி என்றார், நமக்கெல்லாம் பாடம் என்றார். எல்லோரையும் எழுந்து நின்று கைதட்டச் சொன்னார். எல்லோரும் தட்டினர். பின்னர் முதலிடம் பெற்ற காவலர் முருகானந்தத்துக்குக்கூட அதில் பாதி நேரம் எவரும் தட்டவில்லை. பொன்னிறக் கோப்பையொன்று அத்தாயியின் மடியில் வைக்கப்பட்டது. படம் எடுத்தனர். அவளும் சிரித்தாள். அச்சிரிப்பை நினைத்துப் பிற்பாடு அவள் தன்மீதே கோபம் கொண்டாள்.

கருப்பண்ணன் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பேரெல்லாம் வெட்டியிருக்காங்க அக்கா. செல்வி அத்தாயி, திண்ணனூர் நாடு. கீழ பாரு, ஊனமுற்றோர் பிரிவு, முதல் பரிசு. எழுத்து எவ்வளவு அழகா இருக்குது."

"எங்க வெட்டுனது?"

"எங்கன்னா? நம்ம மலையில யாரு வெட்டறாங்க? நாமக்கல் கடையிலதான் இருக்கும்."

"அப்ப எப்ப வெட்டுனாங்க?"

கருப்பண்ணன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். அவள் கடைசிக் குண்டைச் சுட்டு ஒன்றரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. பஸ் மலையிறங்கி நாமக்கல்லுக்குப் போய்ச் சேரவே அதைவிட அதிக நேரம் பிடிக்கும்.

"ஊனமுற்றோர் பிரிவுல எத்தனை பேருடா சுட்டாங்க?"

"நீ ஒருத்திதான்."

"பட்டியலைப் பார்த்துட்டு வா."

அவன் போய்ப் பார்த்துவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். தட்டச்சு செய்த பட்டியலில் ஒன்று முதல் பத்து வரையான இடங்களுக்கு நேரே பெயர்களும் அவர்கள் பெற்ற எண்களும் பேனாவால் எழுதப்பட்டிருந்தன. அதன் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே அத்தாயியின் பெயரும், பக்கத்தில் 'சிறப்புப் பிரிவு' என்ற சொற்களும் இருந்தன. எண் இருக்க வேண்டிய இடத்தில், தட்டச்சிலேயே, ஒரு சிறு கோடு.

"வாங்கிக்க அக்கா. கோப்பை நல்லாத்தான் இருக்குது. ஊட்டுல வெச்சா நாலு பேரு பாப்பாங்க."

"தள்ளு என்னை. அந்த மேசைகிட்ட."

கருப்பண்ணன் அவளைத் தள்ளிச் சென்று, கோப்பையை மேசைமேல் வைத்தான். செயலாளர் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அத்தாயியைக் கண்டதும் முகம் மலர்ந்தார்.

"என்னம்மா, சந்தோசந்தானே?"

"என்ற பேருக்கு நேரா எண்ணு இல்லீங்களே சார்."

"உனக்குத்தான் முதல் பரிசே குடுத்தாச்சேம்மா. எண்ணு எதுக்கு?"

"நாப்பது குண்டு சுட்டேனுங்க."

"நீ வந்து சுட்டதே பெருசு."

"பெருசா சிறுசான்னு எண்ணிப் பாத்துச் சொல்லுங்க சார்."

செல்லமுத்து கரண்டியைக் கீழே வைத்தார். குழந்தைக்கு எடுத்துச் சொல்லும் குரலில், மற்றவர்கள் நின்றுகொண்டு சுடுவதாகவும், அவள் உட்கார்ந்து சுடுவதாகவும், இரண்டையும் ஒன்றாக வைத்தால் நாளைக்கு யாரேனும் குறை சொல்வார்கள் என்றும் விளக்கினார். ஆகவே போன வாரமே குழு கூடி, அவளுக்கென்று தனிப் பிரிவு ஒன்றை ஏற்படுத்தியதாம்.

"போன வாரமேவா? எங்கிட்டச் சொல்லலீங்களே."

"சொல்லியிருந்தா நீ வந்திருக்க மாட்டியே. உன்னை ஊக்கப்படுத்தத்தானேம்மா இத்தனையும்."

அத்தாயியின் காதுமடல்கள் சூடேறின. துருப்பிடித்த திருகாணிகளும், வறண்ட நாக்கும், ஈராண்டுக் கரிக்கோடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக அவள் நினைவுக்கு வந்தன. அவள் எப்படிச் சுட்டாலும் அந்தக் கோப்பைதான். நாற்பது குண்டுகளையும் கூரையைப் பார்த்துச் சுட்டிருந்தாலும் அதே கோப்பைதான், அதே கைதட்டல்தான். பலூன் கடையில்கூட உடைந்த பலூனை உடைந்தது என்றும், உடையாததை உடையாதது என்றும்தானே சொல்கிறோம்?

மேசையின் மறுமுனையில் சைபுல்லா அமர்ந்திருந்தார். அன்று அட்டைகளை எண்ணும் பொறுப்பு அவருடையது.

"ஏனுங்க பாய், என்ற அட்டையை நீங்க எண்ணுனீங்களா?"

அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "தனியா வெக்கச் சொன்னாங்கம்மா."

"ரெண்டு வருசமா தெனமும் எண்ணுனீங்க. ஒரு குண்டு எட்டுல விழுந்தா, ராத்திரி தூங்கலியான்னு கேட்டீங்க. இன்னிக்கு மட்டும் தனியா வெச்சுட்டீங்க."

"குழுவுல நான் ஒரு ஆளும்மா. நாலு பேரு கைதூக்குனாங்க."

"நீங்க தூக்குனீங்களா?"

சைபுல்லா எழுந்து சென்று, கோப்பைகள் வந்திறங்கிய பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவினார். வைக்கோலுக்கு நடுவிலிருந்து, ரப்பர் வளையம் போட்ட பத்து அட்டைகளை வெளியே எடுத்தார்.

"பாய், வேண்டாம். எல்லாம் முடிஞ்சு போச்சு," என்றார் செயலாளர்.

"எண்ணட்டும் சார்." சொன்னவள் சுகுணா, ராசிபுரத்திலிருந்து வந்திருந்த கல்லூரி மாணவி, முந்நூற்று அறுபத்தொன்று எடுத்து மூன்றாமிடத்தில் இருந்தவள். "எண்ணாம உட்ட ஒருத்தரைத் தாண்டி நான் மூணாவதுன்னு ஊட்ல போயி எப்படிச் சொல்றது?"

கூட்டம் கூடிவிட்டது. காவலர் முருகானந்தமும் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். அதற்குமேல் செயலாளர் தடுக்கவில்லை.

சைபுல்லா ஒவ்வொரு துளையாகப் படித்தார். சுகுணா எழுதிக்கொண்டே வந்தாள். ஒன்பது, பத்து, ஒன்பது, எட்டு. ஏழாவது அட்டையில் ஒரு துளையில் அவர் நின்றார். பத்தின் கோட்டைக் குண்டு தொட்டதா, தொடவில்லையா என்பது விளங்கவில்லை. அதை மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டு மற்றவற்றைக் கூட்டினர். முப்பத்தொன்பது குண்டுகளுக்கு முந்நூற்று ஐம்பத்தொன்று.

கருப்பண்ணன் விரல்விட்டுக் கணக்குப் போட்டான். ஒதுக்கிய துளை ஒன்பது என்றால் முந்நூற்று அறுபது; நான்காமிடம். பத்து என்றால் சுகுணாவோடு சமம். சமமானால் கடைசிப் பத்துக் குண்டுகளில் கூடியவருக்கே இடம் என்பது விதி. அதில் அத்தாயி வெகுவாக முந்தியிருந்தாள். ஒரு மயிரிழைக்கு அப்பால் சென்னை இருந்தது.

சைபுல்லா துளைக்குள் அளவுக்குச்சியைச் செருகினார். குண்டின் பருமனே உள்ள விளிம்பைக் கொண்ட சிறு உலோகக் குச்சி அது. விளிம்பு கோட்டைத் தொட்டால் பத்து. அவர் கண்ணாடியை வைத்துக் குனிந்தார். நெடுநேரம் குனிந்தே இருந்தார்.

சுற்றியிருந்தோரின் முகங்கள் எப்பக்கம் சாய்கின்றன என்பதைச் செயலாளர் கவனித்தார். சைபுல்லாவின் காதோரம் குனிந்து, மெல்லச் சொன்னார்.

"பத்துன்னே போட்டுருங்க பாய். பாவம், அந்தப் புள்ள சென்னையைப் பாத்துட்டு வரட்டும்."

மெல்லச் சொன்னாலும் அது அத்தாயிக்குக் கேட்டது.

"அந்தக் கண்ணாடியைக் குடுங்க பாய்."

அட்டையை மடியில் வைத்து, கண்ணாடியை அதன்மேல் நிறுத்திப் பார்த்தாள். விளிம்புக்கும் கோட்டுக்கும் நடுவே வெள்ளை தெரிந்தது. தலைமுடியில் பாதிதான் இருக்கும். கண்ணாடியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் அந்த வெள்ளை மறைந்துபோகும். சாய்த்துப் பிடிக்க அவளுக்குத் தெரியாதா? வளைந்த குறியோடு ஆண்டுக்கணக்கில் குடித்தனம் செய்தவள் அல்லவா? எதிரே நின்ற சுகுணா பேனாவின் மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

சென்னை வேண்டும் என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆயினும், பார்க்காமல் கொடுத்த கோப்பையும், பார்த்தும் கூட்டிக் கொடுக்கும் பத்தும் ஒரே கையிலிருந்துதான் வருகின்றன என்று எண்ணி, அவள் கண்ணாடியை நேராகவே பிடித்தாள்.

"கோட்டைத் தொடலீங்க. ஒம்பது."

"அக்கா," என்றான் கருப்பண்ணன்.

"நீயும் பாரு. வெள்ளை தெரியுது."

சைபுல்லா மீண்டும் ஒருமுறை பார்த்தார். "ஒன்பதுதான்," என்றார். சுகுணா முந்நூற்று அறுபது என்று எழுதி, அடியில் இரண்டு கோடுகள் போட்டாள். எழுதிய பின் நிமிர்ந்து, "தேங்க்ஸ்க்கா" என்றாள்.

"எதுக்குக் கண்ணு? நீ சுட்டது உனக்கு." அத்தாயி செயலாளரின் பக்கம் திரும்பினாள். "பட்டியல்ல எழுதுங்க சார். நாலாவது."

"இங்க பாரும்மா, பட்டியல் டைப் அடிச்சாச்சு. அதான் கோப்பை இருக்குதே."

"அந்தக் கோப்பை மேசை மேலதான் இருக்குது. நாமக்கல்ல வெட்டுன கடையிலயே திருப்பிக் குடுத்துருங்க. எனக்கு நாலாவது போதும். அது நான் சுட்டு வாங்குனது."

முருகானந்தம் போய் அறிவிப்புப் பலகையிலிருந்து பட்டியலைப் பிய்த்து வந்து செயலாளரின் முன்னே வைத்தார். நான்காவதாக இருந்தவர், தான் ஐந்தாவதாகிவிட்டதை உணர்ந்து ஏதோ முணுமுணுத்தார். அவரை எவரும் பொருட்படுத்தவில்லை. செல்லமுத்து பேனாவைத் திறந்தார். கோட்டுக்குக் கீழிருந்த பெயரை அடித்தார். மூன்றாவது பெயருக்குக் கீழே, இடுக்கில், சிறிய எழுத்தில், 'அத்தாயி, 360' என்று எழுதினார். எழுதிவிட்டு, பக்கத்தில் ஓர் அடைப்புக்குறியைத் தொடங்கினார்.

"அது என்னங்க சார்?"

"உட்கார்ந்து சுட்டதுன்னு ஒரு குறிப்பு. இருக்கட்டும்மா. அது உண்மைதானே?"

"உண்மைதானுங்க. தாராளமாப் போடுங்க. மேல இருக்கற மூணு பேருக்கும் நின்னுக்கிட்டுச் சுட்டதுன்னு போட்டுட்டு, எனக்கும் போடுங்க."

செயலாளர் பேனாமுனையைத் தாளின்மேல் வைத்தபடியே சற்று நேரம் இருந்தார். மையின் புள்ளி ஒன்று அவ்விடத்தில் பெருத்துக்கொண்டே போயிற்று. பிறகு, தொடங்கிய அடைப்புக்குறியை அடித்துவிட்டுப் பேனாவை மூடினார்.