என்னைப் பொய்யாக்கிய வக்கீல்

கார் என்ன நிறம் என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறார் வக்கீல் ஞானதுரை, சாட்சிக் கூண்டைப் பிடித்திருக்கும் என் கை வேர்த்து வழுக்குகிறது, முதலில் வெள்ளை என்றேன், பிறகு சாம்பல் என்றேன், இப்போது காரே தெரியவில்லை, புறவழிச்சாலையில் குப்புறக் கிடக்கும் என் வீட்டுக்காரரின் நீலக்கோடு போட்ட சட்டைதான் தெரிகிறது, அதை யாரும் கேட்கவில்லை, ஏம்மா, கண்ணால பாத்ததச் சொல்றியா, யாரும் சொல்லிக் குடுத்ததச் சொல்றியா என்கிறார், குரலை உயர்த்தாமல், கோர்ட்டில் யாரோ சிரிக்கிறார்கள், அவரைக் காரால் மோதிக் கொன்ற மில் முதலாளி முத்துமாணிக்கம் விடுதலையாகி நடந்து போகிறான், அந்தச் சிரிப்பு ஒன்றரை வருடமாக என் காதுக்குள் இருந்தது, சோறு வடிக்கும்போது கேட்கும், தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது கேட்கும், என் தங்கை செண்பகத்தைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போன அன்றும் கேட்டது.

வேறு வேலை கிடைக்காமல் அவன் மில்லுக்கே கூட்டிப் பெருக்கப் போனவள் அவள், அதற்காக ஆறு மாதம் அவளோடு நான் பேசவில்லை, ஜெயிலில் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று சொல்கிறாள், அக்கா, ஆபீஸ் ரூம்ல கையப் பிடிச்சான், வெளக்கமாத்தால அடிச்சிட்டேன், மறுநாளே மேசையில வச்ச சங்கிலியக் காணோம்னு எம்மேல கேஸ் குடுத்துட்டான். வக்கீல் தேடி அலைந்தேன், குத்தத்த ஒத்துக்கிட்டா சீக்கிரம் முடிஞ்சுரும்மா என்றார் ஒருவர், முத்துமாணிக்கம் பெயரைக் கேட்டதும் காகிதங்களைத் திருப்பிக் கொடுத்தார் இன்னொருவர், படியிறங்கும்போதுதான் தோன்றியது, உண்மை சொன்னவளையே பொய்க்காரி ஆக்கத் தெரிந்தவன் ஒருத்தன் இந்த ஊரில் இருக்கிறானே, பொய் சொல்கிறவனை அவன் என்ன செய்வான்.

ஞானதுரை என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை, உட்காருங்கம்மா என்றார், கூண்டில் நீ, இங்கே நீங்க, என்னைத் தெரியலையா சார் என்றேன், தெரியலையேம்மா என்றார், என்னைச் சின்னாபின்னமாக்கியது அவருக்கு நினைவில்கூட இல்லை, அது கூண்டில் பட்டதைவிட எரிந்தது, யாரென்றும் எதற்கு வந்தேன் என்றும் சொன்னேன், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், முத்துமாணிக்கம் என் பழைய கட்சிக்காரராச்சே என்றார், இப்ப அவருக்கு வேற வக்கீல், விசாரிச்சிட்டுத்தான் வந்தேன் என்றேன், இத்தன வக்கீல் இருக்க எங்கிட்ட ஏன் வந்தீங்க என்றார், உங்க கேள்விக்கு முன்னால உள்ளதச் சொன்ன நானே நிக்க முடியல, அவன் எப்பிடி நிக்கான்னு நான் பாக்கணும் சார். மேசை இழுப்பறையைத் திறந்து வக்காலத்துப் படிவத்தை எடுத்தார், தங்கச்சிகிட்டக் கையெழுத்து வாங்கணும் என்றார்.

அவளை ஜாமீனில் எடுத்தார், எட்டு மாதம் கழித்துக் கூண்டில் முத்துமாணிக்கம் நிற்கிறான், சங்கிலி எந்தக் கிழமை காணாமப் போச்சு, செவ்வாய், அதுக்கப்புறம் அதப் பாக்கவே இல்ல, பாக்கல, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, பாக்கலங்க, அப்புறம் ஒரு போட்டோவை நீட்டுகிறார் ஞானதுரை, அதே வாரம் வெள்ளிக்கிழமை நடந்த கல்யாணம் ஒன்றில் மாலையோடு நிற்கிறான், கழுத்தில் அதே சங்கிலி, ஸ்டூடியோ ஸ்டூடியோவாக ஏறி இறங்கி நான் கண்டுபிடித்த போட்டோ, இது வேற ஒண்ணு, இல்ல, அதேமாதிரி, என்கிறான், நெற்றியில் வேர்வை ஊறி இமையில் சொட்டுகிறது, அவன் பார்க்கும்படி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன், பசித்தவள் சோற்றைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன், கண் சிமிட்டவில்லை.

செண்பகம் விடுதலையான அன்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், எனக்கு அழுகை வரவில்லை, வராந்தாவில் கறுப்புக் கோட்டைக் கழற்றிக்கொண்டே ஞானதுரை கேட்கிறார், மனசு ஆறிருச்சாம்மா, இல்ல சார், என் வீட்டுக்காரர் கேஸை மறுபடி எடுக்கணும், அதுக்கு நான் வர முடியாதும்மா, அதுல நான் எதிர்த்தரப்பு, தெரியும், நீங்க வேண்டாம், உங்களத் தோக்கடிக்கத் தெரிஞ்ச வக்கீல் யாருன்னு மட்டும் சொல்லுங்க. அவர் என்னைப் பார்த்தார், அன்றைக்குத்தான் என் முகம் அவர் மனதில் பதிந்திருக்கும், பேனாவை எடுத்து ஒரு தாளின் பின்புறம் எமரன்சியா, வக்கீல், மதுரை என்று எழுதிக் கொடுத்தார், அப்பீலுக்கு நாள் தாண்டிப் போச்சு, அதுக்குத் தனியா ஒரு மனுப் போடச் சொல்லுங்க, அந்தம்மாகிட்ட நான் ரெண்டு தடவ தோத்திருக்கேன் என்றார்.

பஸ் ஸ்டாண்டில் செண்பகம் என் கையைப் பிடித்து இழுக்கிறாள், அக்கா, நம்ம ஊர் பஸ் அந்தப் பக்கம் நிக்குது, வீட்டுக்குப் போகலையா, போகலாம் என்கிறேன், மொதல்ல மதுரைக்கு ஏறு.