முன்பக்கத்துச் சிவப்பு

...போதுமாம், இருபது டாலர் கம்பிச்சுருளே போதுமாம், தபால் பெட்டிவரை போய்க் கடிதம் எடுத்து வருகிறவர்களுக்குப் போதும், மலைக்கு எப்படிப் போதும், உனக்கு அதுவே போதும்டி என்று நேற்று போனில் லுசில் சொன்னபோது அந்தக் குரலில் ஏதோ ஒளிந்திருந்தது, என்ன அது... ஒன்பது குளிர்காலம் சேர்ந்து ஏறியவள், எது எங்கே வழுக்கும் என்று தெரியாதவளா அவள்? நோரீன், வெண்டெலின் கடையில், கையுறையைக் கழற்றாமலே, வழுக்காமலிருக்க பூட்ஸுக்கு மேல் மாட்டும் அந்த ரப்பர் வலையை இழுத்துப் பார்த்தாள், அடியில் வெறும் கம்பிச் சுருள், பனியைக் கவ்வ ஒரு பல்கூட இல்லை, உறைந்த சாலைக்குச் சரி, உச்சிக்குக் கீழே ஊற்றுநீர் உறைந்து கண்ணாடியாய்ச் சரிந்து கிடக்குமே, அங்கே? போன வருடம் மணிக்கட்டு முறிந்தது அங்கேதான். லுசில்தான் தன் கழுத்துத்துண்டால் கையைக் கட்டி, திட்டிக்கொண்டே கீழே இறக்கிவந்தாள். அன்றைக்கே மனசு விட்டுப்போயிருக்குமோ, இவள் ஒரு சுமை என்று... சனிக்கிழமை மலைக்குத் தேவாலயத்து ஆட்ரியும் வருகிறாள் என்றாளே, நாற்பது வயது, ஆடு மாதிரி ஏறுகிறாளாம். சுருளோடு போனால் பாதியில் நிற்க வேண்டியதுதான், நீ இங்கயே இருடி, நாங்க போயிட்டு வந்துடறோம் என்று சொல்ல எவ்வளவு சௌகரியம், ஒரு தடவை அப்படிச் சொல்லிவிட்டால் அடுத்த தடவை கூப்பிடவே வேண்டாமே.

"அதை எடுக்காதம்மா," என்றார் வெண்டெல் கல்லாவிலிருந்து. "அது கிழவிங்க குப்பை கொட்டப் போறதுக்கு."

"நான் மட்டும் என்னவாம்?"

"நீ கிழவி இல்ல. அதனாலதான் பல்லு வச்ச எழுபது டாலர் சரக்கைக் காட்டறேன்."

இந்த இனிப்பான பேச்சுக்குத்தான் எழுபதா, பள்ளிக்கூடச் சமையலறைச் சம்பளத்தில் எழுபது டாலர் காலில் மிதிபடவா? சின்னத் திருகாணி வாங்கி பூட்ஸ் அடியில முறுக்கிடு, எட்டு டாலர்ல முடிஞ்சுது என்று தம்பி சொல்கிறான், அவனுக்கென்ன, பூட்ஸ் என்னுடையது, நீளம் கொஞ்சம் தப்பினால் குதிகாலில் அல்லவா வந்து குத்தும்... கல்லாவுக்கு அருகே பழைய சாமான் கூடை. பற்கள் வைத்த சங்கிலி ஒரு ஜோடி, இருபத்தைந்து டாலர். இவ்வளவு மலிவா, எங்கேயோ கோளாறு இருக்க வேண்டும், ரப்பரில் சங்கிலி கோத்த துளைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், கிழிசல் இல்லை, துரு இல்லை, பற்கள் கூர்மை, ஒவ்வொரு முறையும் துடைத்துக் காயவைத்த கை, அப்படிப்பட்டவர் எதற்கு விற்கிறார்... ரப்பரின் முன்பக்கத்தில் சிவப்பாய் ஒரு பொட்டு. நகப்பூச்சு.

முதல் குளிர்காலம் லுசில் இதைப் பின்முன்னாக மாட்டிக்கொண்டு இரண்டு மைல் நடந்தாள், நூறு அடிக்கு ஒருதரம் கழன்று விழ, கடையைத் திட்டி, பனியைத் திட்டி, கடைசியில் நோரீன் குனிந்து பார்த்துச் சிரித்த சிரிப்பில் பனியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முன்பக்கம் எது என்று தெரிய மறுநாள் பூசியதுதான் இந்தச் சிவப்பு. இனிமே என் காலுக்கே வழி தெரியும்டி என்றாள். அதையா விற்றுவிட்டாள்? ஆட்ரியோடு வந்து புதுசு வாங்கியிருப்பாள், சரிதான், அவர்கள் இருவருக்கும் பல், எனக்குச் சுருள்...

"இதைக் கொடுத்தவங்க புதுசு வாங்கிட்டுப் போனாங்களா?"

"யாருன்னு கேக்காதே, நான் சொல்றதில்ல." வெண்டெல் கண்ணாடியைத் துடைத்தார். "ஆனா புதுசு பல்லு வச்சது வாங்கல. உன் கையில இருக்குதே, அந்தச் சுருள்தான் ஒண்ணு வாங்கினாங்க. ரெண்டு மாசம் ஆச்சு."

ரெண்டு மாசமா... அப்படியானால் தேவாலய விருந்தில் படியிறங்கும்போது, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, பக்கவாட்டில், கைப்பிடியை விடாமல், என்னடி நண்டு மாதிரி என்று கேட்டதற்கு, புது ஷூ கடிக்குது என்றாளே, பழைய ஷூதானே அது, வலித்தது முழங்காலா, தெரிந்துமா நான் கேட்காமல் விட்டேன், ஆட்ரி கையைப் பிடிக்க வந்ததை மட்டும்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்...

"எதும்மா வேணும்?"

ஒரு கையில் பல், ஒரு கையில் சுருள். நோரீன் சங்கிலியைக் கூடையில் வைத்தாள், சிவப்பு வெளியே தெரியாமல் கவிழ்த்து. "சனிக்கிழமை வரைக்கும் இதை யாருக்கும் வித்துடாதீங்க." நேற்று லுசில் சொன்னது என்ன, அதுவே போதும்டி... அவ்வளவுதானா, அதற்கு முன்னால் உனக்கு என்று சொன்னாளா, சொன்னாள் என்றுதானே ராத்திரி முழுக்க...