டிரைவர் சொன்ன ஏரி

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் அவளுடைய அலுவலகம். ஒரு மேஜை, மூன்று நாற்காலி, சுவரை அடைத்துக்கொண்டு ஒரு வரைபடம். வாசல் பலகையில் 'பயண ஆலோசகர்' என்று இருந்தாலும் மாமியார் வாயில் அது என்றைக்கும் டிக்கெட் கடைதான். போனைத் தட்டினால் டிக்கெட்டும் அறையும் கிடைக்கிற காலத்தில் உன்னிடம் எவன் வருவான் என்று மாமியார் கேட்காத நாளில்லை. ஆனால் வந்துகொண்டுதான் இருந்தார்கள். காரணம், அவள் கொடுக்கிற தாள். போகிற ஒவ்வொருவரும் எங்கே, எதற்காகப் போக ஆசை என்று தனித்தனியாக எழுதித் தர வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவருக்குக் காட்ட மாட்டாள். நாற்பது வருஷம் ஒன்றாகக் குப்பை கொட்டியவர்கள்கூட ஆளுக்கொரு திசையை எழுதிக் கொடுத்து அவள் பார்த்திருக்கிறாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை தனியாக வந்த பெரியவரின் தாளில் ஒரு எழுத்துகூட இல்லை. முப்பது வருஷம் தொலைதூரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். முந்தின வாரம் மனைவியோடு வந்திருந்தார். அன்றைக்குப் பேச்செல்லாம் அந்த அம்மாதான். இவர் சொல்லிச் சொல்லி மனப்பாடமாகிப் போன இடங்களை ஒரு முறை சுற்றிவர வேண்டுமாம். வெள்ளைப் பறவைகள் வந்து இறங்கும் ஏரி, மஞ்சள் பூ மூடிய மலைச்சரிவு என்று அடுக்கிக்கொண்டே போனார்.

இப்போது நாற்காலி நுனியில் உட்கார்ந்து, வெற்றுத் தாளை மடித்து மடித்து தபால்தலை அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் பேச்சு வந்தது.

"அந்த ஏரியை நான் பார்த்ததே இல்ல மேடம்."

ராத்திரி ஒன்பதுக்குக் கிளம்பி விடிவதற்குள் போய்ச் சேரும் வண்டி அவருடையது. விளக்கு வெளிச்சத்தில் ஐம்பது அடி ரோடும் எதிரே வரும் லாரியும்தான் அவர் கண்டது. பகலில் டெப்போ அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூக்கம். வீடு திரும்பினால், என்ன பார்த்தீங்க என்று மனைவி வாசலிலேயே பிடித்துக்கொள்வார். மூன்று பிள்ளைகளையும் படுத்த படுக்கையாகக் கிடந்த மாமனாரையும் விட்டுத் தெருமுனையைத் தாண்ட முடியாதவளிடம், ரோட்டைப் பார்த்தேன் என்று சொல்ல இவருக்கு மனசு வரவில்லை. பயணிகள் பேசிக்கொண்டது கொஞ்சம், சொந்தச் சரக்கு கொஞ்சம் என்று அவிழ்த்துவிட்டார். அது வளர்ந்து ஒரு நாடு அளவுக்கு ஆகிவிட்டது.

"அங்க போய் ஒண்ணுமே இல்லன்னா அவ முகத்துல எப்படி முழிப்பேன்? ரோடு வேலை நடக்குதுன்னு சொல்லி வேற எங்கயாவது அனுப்பிடுங்க."

வாடிக்கையாளரிடம் பொய் சொல்வதில்லை என்று பெருமை பேசுகிறவள்தான் அவள். எழுபது வயது மனிதர் கெஞ்சியதும் தலையாட்டிவிட்டாள். அவர் போனபின் ஏரிக்கரை விடுதிக்குப் போன் போட்டாள். ஏரி இருக்கிறது, தண்ணீர்தான் இல்லை என்றான் விடுதிக்காரன். மலைச்சரிவில் இப்போது கல் குவாரியாம். பெரியவர் பயப்படுவதில் நியாயம் இருக்கத்தான் செய்தது. கடலோர ஊர் ஒன்றுக்குத் திட்டம் போட்டு, சொல்ல வேண்டிய பொய்யையும் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை இருவரும் வந்தார்கள். அவள் வாயைத் திறக்குமுன் அந்த அம்மா தன் தாளை நீட்டினார். இடங்களின் பட்டியல் எதுவும் அதில் இல்லை.

'இவருக்கு ராத்திரி வண்டி. எதையும் பார்த்திருக்க மாட்டார். நான் கேட்டதற்காகச் சொன்னார். நான் தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை. முப்பது வருஷம் ஓட்டிய ரோட்டைப் பகலில் ஒரு தடவை இவர் பார்க்க வேண்டும். அதற்குத்தான் போகிறோம்.'

அவள் கடைசி வரிவரை படித்தாள். தாளைக் கவிழ்த்து வைத்தாள். கடலோரத் திட்டத்தை இழுப்பறைக்குள் தள்ளிவிட்டு, பழைய ரோட்டிலேயே பகல் பேருந்து, காலை ஆறு மணிக்கு, இரண்டு சீட் என்றாள். பெரியவர் முகம் செத்துவிட்டது. ஜன்னல் ஓரம் யாருக்கு என்று அவள் கேட்டதும், அவளுக்குத்தான் என்று மனைவியைக் காட்டினார்.

"எனக்கு முப்பது வருஷமா காட்டிட்டீங்க," என்றார் அந்த அம்மா. "இந்தத் தடவை நீங்க பாருங்க. நான் கேட்டுக்கிட்டு வரேன்."

பெரியவர் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"ராத்திரி சாப்பாடு கட்டிக் குடுத்தவளுக்குத் தெரியாதா?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் படிவத்தில் ஜன்னல் ஓரத்தை அவர் பேரில் எழுதினாள்.

"அங்க ஏரில தண்ணி இல்லாமப் போச்சுன்னா?" என்று மெதுவாகக் கேட்டார் பெரியவர்.

"இருக்குன்னு சொல்லுங்க," என்றார் அந்த அம்மா. "உங்களுக்குத் தெரியாததா."