தண்ணிக்காரரின் நிகர எடை

தண்ணிக்காரர் மகளைப் பார்க்கப் போனபோது, இரண்டாவது விமானத்தில் கைப்பையாகத்தான் ஏறினார். எடை ஆறு கிலோ தொள்ளாயிரம் கிராம். கைப்பைக்கு அனுமதி ஏழு கிலோ என்பதால் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. முதல் விமானத்தில் அவர் எழுபத்தொரு கிலோவுடன், ஜன்னலோர இருக்கையில், எல்லோரையும் போலத்தான் உட்கார்ந்து வந்தார். இடையில் நடந்ததற்கு ஒன்பது மணி நேரமும் ஒரு பெரிய விமான நிலையமும் தேவைப்பட்டன.

எங்கள் பகுதியின் பதினான்கு தெருக்களுக்கும் தண்ணீர் திறந்துவிடுவது அவர் வேலை. ஆளுயர இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, காலை ஐந்து பத்துக்கு முதல் வால்வைத் திருகுவார். மேட்டில் இருக்கும் ஒன்பதாவது தெருவைக் கடைசியாக வைத்துக்கொள்வார். அங்கே கடைசி வீட்டில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், குடம் நிறையவில்லை என்று திட்டுவதற்காகவே வாசலில் நிற்பார். முப்பத்தொரு வருஷத்தில் தண்ணிக்காரர் ஒரு நாள் லீவு போட்டதில்லை. மகள் பள்ளியில் பரிசு வாங்கிய நாளில் ஆறாவது தெருக் குழாய் வெடித்தது. கல்யாணத்தன்று பிரதானக் குழாயே வெடித்தது. முழங்கால் வரை நனைந்த பேன்ட்டோடு வந்து, பத்து நிமிஷம் நின்று, போட்டோவில் பாதி முகம் மட்டும் விழுந்து, திரும்பிப் போனார். குழாய்கள் வேண்டுமென்றே செய்கின்றன என்று மகள் நம்பினாள். அதற்கு எதிரான ஆதாரம் இன்றுவரை கிடைக்கவில்லை. வெளிநாட்டில் பிரசவத்துக்குக் காத்திருந்தவள் இப்போது போனில் அம்மாவிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். "இந்தத் தடவையும் அப்பா வரலைன்னா, இனிமே ரெண்டு பேரும் எனக்குப் போன் பண்ண வேண்டாம்மா."

அம்மா பாலர் வகுப்பு டீச்சர். நான்கு வயதுக் குழந்தைகளோடு இருபத்தாறு வருஷம் இருந்ததால், உலகத்தில் யாரிடமும் அதே குரலில்தான் பேசுவார். மின்சார அலுவலகத்து அதிகாரி ஒருவர் அவர் முன்னால் கைகட்டி, வாயில் விரல் வைத்து உட்கார்ந்ததாகக் கேள்வி. கணவரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். டீச்சர் நேராக பம்ப் ஹவுஸுக்குப் போய், சாவியைப் பிடுங்கி மாற்று ஆள் ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, கணவரை முழங்கையில் பிடித்து அழைத்துவந்து விமானத்தில் ஏற்றினார்.

இறங்கி மாற வேண்டிய விமான நிலையத்தில் வசதிகளின் பட்டியலே எட்டுப் பக்கம் இருந்தது. கால் பிடித்துவிடும் இயந்திரம், சாய்ந்து தூங்கும் நாற்காலி, வெந்நீர்க் குளியல், வண்ணத்துப்பூச்சித் தோட்டம், நாள் முழுக்கச் சினிமா, தானே வாசித்துக்கொள்ளும் பியானோ. எல்லாம் பயணிகளுக்கு இலவசம். அடுத்த விமானம் மாலை ஐந்துக்கு. ஒரு வசதியையும் விட்டுவைப்பதில்லை என்று டீச்சர் முடிவு செய்தார். தண்ணிக்காரருக்குச் சும்மா உட்கார்ந்து பழக்கமில்லை. டீச்சர் அவரைக் கால் பிடிக்கும் இயந்திரத்தில் உட்கார வைத்து, "மணி அடிக்கிற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது" என்றார்.

பக்கத்தில் எடை பார்த்துச் சீட்டுக் கொடுக்கும் மெஷின் ஒன்றும் இலவசமாக இருந்தது. வந்ததும் எடுத்த சீட்டில் எழுபத்தொன்று. கால் பிடித்த பிறகு எடுத்ததில் அறுபது. உடம்பு கொஞ்சமும் இளைக்கவில்லை, தொப்பை தொப்பையாகவே இருந்தது, எடைதான் இறங்கியது. மெஷின் பழுது என்று நினைத்து டீச்சர் ஏறிப் பார்த்தார். அவருடைய எடையைக் கூசாமல் சரியாகக் காட்டியதால் மெஷின் மேல் சந்தேகம் தீர்ந்தது. தூக்க நாற்காலியில் பதினாறு கிலோ போனது. குளியலில் ஒன்பது. வண்ணத்துப்பூச்சித் தோட்டத்தில் அவ்வளவாக இறங்கவில்லை. அங்கே நீர்த்தெளிப்பான் ஒன்று சொட்டிக்கொண்டிருந்ததில் அவர் மனம் போய்விட்டது.

அதிகம் இறங்கியது கை கழுவுமிடத்தில். அங்கே குழாய்க்குத் திருகே கிடையாது. கையை நீட்டினால் தண்ணீர் வந்தது, எடுத்தால் நின்றது. யார் திறந்துவிடுகிறார்கள் என்று அவர் கண்ணாடிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், கீழே குனிந்து பார்த்தார். யாரும் இல்லை. நாற்பது நிமிஷம் கையை நீட்டியும் எடுத்தும் நின்றார். வெளியே வந்தபோது அவர் கால் தரையில் சரியாகப் படியவில்லை. ஏசிக் காற்று அவரை மெல்லத் தூக்கிக்கொண்டு போய், புறப்பாட்டுப் பலகைக்கு மேலே கூரையோடு சேர்த்து வைத்தது. கூரையில் இருக்கும் பயணியின் உறவினர் உடனே வரவும் என்று நான்கு மொழிகளில் அறிவித்தார்கள். டீச்சர் தோள்பையின் பட்டையை வீசி அவர் காலில் மாட்டி, இழுத்து இறக்கினார்.

நிலையத்து மருத்துவர், அவரும் இலவசம், பரிசோதித்துவிட்டு நோய் ஒன்றுமில்லை என்றார். எழுபத்தொரு கிலோவில் பெரும்பங்கு களைப்புதான், அது இறங்கிவிட்டது, மிச்சம்தான் ஆளின் நிகர எடை. அநேகமாக எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும், யாரும் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்து பார்த்ததில்லை என்று சொல்லி, ஏழு கிலோ இருநூறு கிராம் என்று எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டை விமானம் ஏறும் வாசலில் நின்ற அதிகாரி இரண்டு முறை படித்தார்.

"மேடம், பத்து கிலோவுக்குக் கீழே இருந்தா கைக்குழந்தைன்னு கணக்கு. இவருக்கு அம்பத்தெட்டு வயசு. குழந்தையா ஏத்த முடியாது."

"அப்ப எப்படித்தாம்பா ஏத்துவீங்க?"

"சாமானா ஏத்தலாம். ஏழு கிலோதான் அனுமதி. இவர் இருநூறு கிராம் கூடுதல்."

டீச்சர் கணவர் பக்கம் திரும்பி, கொஞ்ச நேரம் சாமானாக இருக்கும்படி கேட்டுக்கொண்டார். கண்ணாடி, பெல்ட், செருப்பு எல்லாம் ஏற்கெனவே கழற்றியாயிற்று. தராசில் சம்மணமிட்டவர் ஏழு இருநூறிலேயே நின்றார். கதவு சாத்தப் பதினோரு நிமிஷம் இருந்தது. அப்போது மகள் கூப்பிட்டாள்.

"அப்பா எங்கம்மா?"

"தராசுல இருக்கார்."

"குழாய் வெடிச்சிருச்சுன்னே சொல்லியிருக்கலாம்மா. அது இன்னும் கொஞ்சம் நம்புற மாதிரி இருக்கும்" என்று சொல்லி மகள் போனை வைத்துவிட்டாள்.

டீச்சர் தராசின் முன்னால் குனிந்து, கைக்குள் எதையோ ஒளித்திருக்கும் பிள்ளையிடம் கேட்பதுபோல், உள்ளே என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். தண்ணிக்காரர் முதலில் ஒன்றுமில்லை என்றார். பிறகு, "ஒன்பதாவது தெரு" என்றார். டீச்சர் போனை எடுத்துக் கடைசி வீட்டுத் தபால்காரரைப் பிடித்து, கணவர் காதில் வைத்தார்.

"நீங்க ஊர்ல இல்லையா?" என்றார் தபால்காரர். "தெரியவே இல்லையே. இன்னைக்கு ரெண்டு குடம் கூடவே வந்துச்சு."

"என்னை யாரும் தேடலையா?"

"எதுக்குத் தேடணும்? தண்ணிதான் வந்துருச்சே."

முள் ஏழரைக்கு ஏறியது. அதிகாரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். தண்ணிக்காரர் முகத்தில் முதலில் கோபம் வந்தது. பிறகு நெடுநேரம் ஒன்றுமே வரவில்லை. நெடுநேரம் என்பது நான்கு நிமிஷம், ஆனால் இருந்ததே ஆறுதான். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து டீச்சர் கைக்குட்டையை எடுத்தார், அவர் சிரித்துக்கொண்டிருந்தார். முள் ஆறு கிலோ தொள்ளாயிரத்தில் வந்து நின்றது. அதிகாரி தண்ணிக்காரரின் சட்டைப் பொத்தானில் கைப்பைச் சீட்டைக் கட்டினார்.

தலைக்கு மேலே சாமான் வைக்கும் பெட்டியில், யாரோ ஒருவரின் கோட்டுக்குப் பக்கத்தில், அவர் கடைசிவரை தூங்கினார். ஒருமுறை டீச்சர் மூடியைத் திறந்து போர்வையைச் சரிசெய்தார். மற்றபடி பயணத்தில் குறிப்பிடும்படி ஒன்றும் இல்லை.

இங்கே எங்கள் பகுதியில் பிறகு விசாரித்ததில், மாற்று ஆள் முதல் நாளே இடுப்புப் பிடித்துக்கொண்டு வீட்டில் படுத்துவிட்டது தெரிந்தது. சாவியும் அவர் வீட்டு மூலையில்தான் கிடந்தது. ஆனாலும் ஐந்து பத்துக்கு முதல் வால்வு திறந்தது, மற்றவையும் வரிசைப்படி திறந்து மூடின. முப்பத்தொரு வருஷப் பழக்கம் என்று குடிநீர்ப் பொறியாளர் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த வேலைக்குப் புதிதாக ஆள் எடுக்கவில்லை.

அங்கே விமான நிலையத்தின் வெளிவாசலில் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோள்பைப் பட்டையில் கட்டி அப்பாவை இடுப்பு உயரத்தில் அம்மா இழுத்துவந்ததைப் பார்த்தாள். குனிந்து அவருடைய பேன்ட்டைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

"எத்தனை நாள் இருப்பீங்கப்பா?"

"டீச்சரைக் கேளு."

நான்காம் நாள் பேத்தி பிறந்தாள், மூன்று கிலோ நூறு கிராம். வீட்டுக்கு வந்ததும் முதலில் தாத்தா மடியில்தான் வைத்தார்கள். அதன் பிறகுதான் அவர் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்தார். அவளுக்கு இப்போது ஆறு வயது, இருபது கிலோ. அவள் மடியில் இருக்கும்வரை கவலையில்லை. பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரத்தில் மட்டும் ஜன்னல்களைச் சாத்தி வைக்கிறார்கள்.