தபால் செலவு இல்லாமல் வாங்க

தபால் செலவைக் குறைத்தால் வாங்குகிறவரின் வீடு நெருங்கி வரும். ரூபாய்க்கு ஒரு கிலோமீட்டர். இது முதல் நாளே சொல்லித்தரப்படுகிற பாடம் என்பதால், திண்டுக்கல்லில் ஆன்லைன் வியாபாரம் செய்கிறவர்கள் யோசித்துத்தான் தள்ளுபடி தருவார்கள். யோசிக்காமல் தந்தவர்களும் உண்டு. ஊறுகாய் விற்கும் வகிதா பானு, ரம்ஜானுக்கு மூன்று நாள் ‘தபால் செலவு இலவசம்’ என்று போட்டாள். நான்காம் நாள் காலையில் தெருவில் பதினேழு வீடுகள் கூடுதலாக நின்றன. குப்பை வண்டி திரும்ப இடமில்லை. வகிதாவுக்கு அதில் வருத்தமொன்றும் கிடையாது. இப்போதெல்லாம் ஊறுகாயை ஜன்னல் வழியாகவே நீட்டிவிடுகிறாள்.

அந்தத் தெருவில் மிச்சமிருந்த ஒரே காலி மனை ஜெசிந்தாவின் வீட்டை ஒட்டி இருந்தது.

ஜெசிந்தா இரும்புத் தோசைக்கல் விற்றாள். எண்ணெய் தடவிச் சூடேற்றிப் பழக்கிய கல்; முதல் தோசையே ஒட்டாமல் வரும். விலை முன்னூறு, எடை மூன்று கிலோ. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று வாரத்துக்கு நாலு பேராவது புகார் எழுதுவார்கள். “கல் கனம், உங்கள் ஊர் தூரம், இரண்டும் எங்கள் கையில் இல்லை” என்று பணிவாகப் பதில் போடுவாள். முக்கால்வாசிப் பேர் அதோடு அடங்கிவிடுவார்கள். அடங்காதவர்களுக்கு ஐந்து ரூபாய் குறைப்பாள். சேலத்துக்காரர் ஒருவருக்கு அப்படி வீடு ஐந்து கிலோமீட்டர் தெற்கே வந்து, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பக்கமாகிவிட்டது என்று நன்றிகூட எழுதியிருந்தார்.

கட்டண அட்டவணையின் கடைசி வரிசையில் ‘எட்டாத தூரம்’ என்று இருக்கும். அதற்கு நேரே தொகை எதுவும் போட்டிருக்காது. அங்கிருந்து யாரும் தோசைக்கல் கேட்டதில்லை.

ஒரு திங்கட்கிழமை தூத்துக்குடியிலிருந்து புகார் வந்தது.

“கல்லு முன்னூறு, தபாலுக்கு இருநூத்திப் பத்தா? அவ்வளவு தூரமா நாம?”

பெயர் வியாகுலம். முகவரி பச்சைக் கதவு வீடு, கடற்கரைத் தெரு. ஜெசிந்தா முகவரியை இன்னொரு தரம் படித்தாள். அந்தப் பச்சையை அடித்ததே அவள்தான், கல்யாணமான முதல் கிறிஸ்துமஸுக்கு.

வியாகுலம் அவளுடைய மாமியார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கடலுக்குப் போன கணவன் சில்வெஸ்டர் திரும்பவில்லை. படகு வந்தது, ஆள் வரவில்லை. முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது, வியாகுலம் பந்தி நடுவில் நின்று, “எம் புள்ளைய முழுங்குனது கடல் இல்லட்டீ, நீதான்” என்றாள். ஜெசிந்தா கையைக் கழுவிவிட்டு பஸ் ஏறினாள். திண்டுக்கல்லில் வந்து இறங்கினாள். அந்த இருநூற்றுப் பத்து கிலோமீட்டர் அவள் பாடுபட்டுச் சம்பாதித்தது. தோசைக்கல்லை இழந்தாலும் இழப்பாளே தவிர, அந்தத் தூரத்தை விட அவளுக்கு மனசில்லை.

ஆனால் விற்பனைத் தளத்துக்குச் சட்டம் ஒன்று உண்டு. ஒரே மாதத்தில் மூன்று புகார்கள் தீராமல் நின்றால் கடையை மூடிவிடுவார்கள். ஜெசிந்தாவுக்கு அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு நின்றன. புகாருக்கு மறுநாள் மாலை ஆறு மணிக்குள் பதில் எழுத வேண்டும். ஆறடித்ததும் பதில் பெட்டி தானாக மூடிக்கொள்ளும். அதில் எழுதியிருப்பது எழுதியபடியே போய்ச் சேரும். ஒருமுறை குறைத்த தபால் செலவைக் கூட்டவும் முடியாது.

அவள் எடையைப் பற்றி எழுதினாள். “எடை எனக்குத் தெரியும். நான் கேட்டது தூரம்” என்று வந்தது.

வேறு வழியில்லாமல் நாற்பது ரூபாய் குறைத்தாள். பச்சைக் கதவு வீடு எட்டயபுரத்துக்கு வந்து நின்றது.

“இன்னும் அதிகமாத்தான் இருக்கு.”

அறுபது குறைத்தாள். வீடு அருப்புக்கோட்டையைத் தாண்டியது. லாரி ஓட்டும் தன் கொழுந்தன் அதை வழியில் பார்த்ததாக வகிதா வந்து சொன்னாள்.

“மாடியில துணி காயுதாம் ஜெசி. ஒரு கிழவி கைப்பிடிச் சுவரப் புடிச்சுக்கிட்டு நிக்குதாம். இவன் ஹாரன் அடிச்சிருக்கான், அது போ போன்னு கையக் காட்டுச்சாம்.”

“எந்தப் பக்கம் பாத்து நிக்குதாம்?”

“இந்தப் பக்கந்தான்.”

வியாழக்கிழமை இன்னொரு ஐம்பது. மதுரையில் வீடு ரிங் ரோடு வழியாகச் சுற்றி வந்தது. ஊருக்குள் வீடுகளுக்கு அனுமதி கிடையாது. இப்போது நடுவில் அறுபது கிலோமீட்டர்தான் பாக்கி. ஜெசிந்தாவுக்குச் சோறு இறங்கவில்லை. தெருவில் எந்த வண்டி உறுமினாலும் வாசலுக்கு ஓடினாள்.

“எல்லாம் அந்தக் காலி மனையால வர்ற வினை,” என்றாள் வகிதா. “எடம் இருந்தாத்தான வரும்?”

அது நியாயமாகப் பட்டது. வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து இருவரும் வீட்டிலிருந்த கல் அத்தனையையும் காலி மனையில் கொண்டுபோய் அடுக்கினார்கள். நானூற்றுச் சொச்சம் கல். மதியத்துக்குள் இடுப்பு உயரத்துக்கு ஓர் இரும்பு மேடை எழும்பிவிட்டது. வகிதா பங்குக்கு இரண்டு ஊறுகாய்ப் பீப்பாய்களையும் உருட்டிவிட்டாள்.

மாலை ஐந்தரைக்கு ஜெசிந்தா வாசற்படியில் உட்கார்ந்து போனை எடுத்தாள். கடைசிப் புகார் அப்படியே இருந்தது: “அறுபது ரூபாய் எதுக்கு? இன்னும் என்ன இருக்கு நடுவுல?”

இனி ஒரு ரூபாய் குறைப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள். கடை போனால் போகட்டும். ஆனால் கடைசிப் பதிலாவது கௌரவமாக இருக்க வேண்டும். எழுதினாள், அழித்தாள். “உங்களுக்கும் எனக்கும் நடுவில் இருப்பது” என்று தொடங்கி, அதற்குமேல் வராமல் அழித்தாள். பந்தி நடுவில் நின்ற அந்த முகம் கண்ணைவிட்டுப் போகவில்லை. எச்சில் கையோடு எழுந்ததும், பின்னாலிருந்து ஒருத்தராவது ‘நில்லு’ என்று சொல்லாததும் நேற்று நடந்ததுபோல் வலித்தது.

“மணி அஞ்சு அம்பத்தெட்டு,” என்றாள் வகிதா.

ஜெசிந்தா கடைசியில் கடைக்காரப் பாணியிலேயே எழுதிவிடத் துணிந்தாள். தபால் செலவு இல்லாமல் வாங்க வேறு கடையைப் பாருங்கள். அவ்வளவுதான். வெடுக்கென்றும் இருக்கும், மரியாதைக் குறைவும் இல்லை. மளமளவென்று எழுதத் தொடங்கினாள். நாலாவது சொல்லை முடித்து இடைவெளி விட்டபோது ஆறடித்தது. பெட்டி மூடிக்கொண்டது.

போன வாசகம் இது: “தபால் செலவு இல்லாமல் வாங்க”.

இருவரும் அதைப் பார்த்தார்கள்.

“நான் வேற கடையில வாங்கச் சொல்ல வந்தேங்க்கா,” என்றாள் ஜெசிந்தா.

“அது அவங்களுக்கு எப்படித் தெரியும்? வாங்கன்னு கூப்பிட்டா வரத்தான செய்வாங்க,” என்றாள் வகிதா.

ஆறு நிமிஷத்தில் வீடு தெருமுனை திரும்பியது. பதினேழு வீடுகளும் ஜன்னல்களைச் சாத்தி ஒடுங்கி வழிவிட்டன. இரும்பு மேடை அதற்கு ஒரு பொருட்டாகவே இல்லை. கோயில் மணிபோல் ஒரு சத்தத்தோடு அதன்மேல் ஏறி உட்கார்ந்தது. ஊறுகாய்ப் பீப்பாய்கள் மட்டும் உருண்டு போயின. முகவரியில் கடற்கரைத் தெரு என்று இருந்ததால் வீட்டின் பின்னாலேயே கடலும் வந்திருந்தது. பின்வாசலுக்கு அந்தப் பக்கம் அலை அடித்தது.

பச்சைக் கதவு திறந்தது. வியாகுலம் பாதியாகிப் போயிருந்தாள்.

“வாங்கன்னு போட்டிருந்தியே. அதான் வந்துட்டேன்.”

ஜெசிந்தா எழுந்து நின்றாள். அது தப்பாகப் போன பதில் என்று சொல்ல வாயெடுத்தாள். வாயில் வந்தது வேறு.

“கல்லு எடுத்துட்டு வரவா மாமி?”

“கல்லு எனக்கெதுக்குட்டீ? பல்லே நாலுதான் இருக்கு.” கிழவி படியில் மெதுவாக உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பைத் திருகினாள். “ஒங்க கடையில வாங்குனதத் திருப்பி அனுப்பலாமாமே. சொன்ன சொல்லத் திருப்பி எடுத்துக்கலாமா?”

“ஏழு நாளுக்குள்ள கேட்டிருக்கணும் மாமி. ஒம்பது வருஷமாச்சு.”

“அதுவும் சரிதான்.”

ஜெசிந்தாவுக்கு அழுகை வந்து நின்றது. கோபமும் கூடவே நின்றது. இரண்டில் எதை முதலில் விடுவதென்று தெரியாமல், உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வியாகுலம் அண்ணாந்து குடித்து முடித்தாள்.

“நான் எனக்காக வரலட்டீ. பின்னாடி ஒருத்தன் கல்லு கேட்டு எழுதிக்கிட்டே கெடக்கான். அவன் எழுதுறது ஒனக்கு எட்டல. கடலக் கொஞ்சம் கிட்டத்துல கொண்டு போங்கம்மான்னு ஒரே தொல்ல. வீட்டக் கொண்டு வந்தாத்தான கடல் வரும்? அதான் விடாமச் சண்ட புடிச்சேன்.”

போன் மணியடித்தது. புது ஆர்டர் ஒன்று வந்திருந்தது. தோசைக்கல் ஒன்று. பெயர், வி. சில்வெஸ்டர். முகவரி, கடல். தபால் செலவுக்கு நேரே ‘எட்டாத தூரம்’ என்றும், பக்கத்தில் தொகை இல்லாத வெற்றுக் கட்டமும் இருந்தன. கீழே புகார்: “தபால் செலவு ரொம்ப அதிகமா இருக்கு ஜெசி.”

பதில் எழுத அவளுக்கு மறுநாள் மாலை ஆறு மணிவரை நேரமிருந்தது. அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரே ஒரு சொல்லை எழுதி, உடனே அனுப்பினாள்.

“வாங்க.”

வருவது வீடா படகா என்று கேட்டுக்கொண்டே, வகிதா தன் ஸ்கூட்டரை ஓரமாகத் தள்ளி நிறுத்தினாள்.